404 பேரில் 352: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் சொல்லும் கிராஜுவேஷன் கணக்கு

‘ஹைஸ்கூல் கிராஜுவேஷன் ரேட்’ என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகத் ‘தேர்ச்சி விகிதம்’ என்று எழுதிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் வருடா வருடம் கேட்டுப் பழகிய சொல் அது. 2024இல் தமிழ்நாட்டில் 94.56 சதவீதம், 2025இல் 95.03 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கில் பரீட்சை எழுதியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வரவே இல்லை என்று செய்தி வந்தது. அவர்கள் தேர்ச்சி விகிதத்தில் எந்தப் பக்கமும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்று மில் வேலைக்குப் போன பெண்ணும் இல்லை.

அமெரிக்கக் கணக்கு வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேரும்போதே பெயர் பட்டியலில் ஏறிவிடும். நான்கு வருடம் கழித்து அந்தப் பெயருக்கு எதிரே டிப்ளமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். (இங்கே டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்பை முழுதாக முடித்ததற்கான சான்றிதழ்.) நடுவில் காணாமல் போனவரும் பட்டியலில் நிற்பார். ஒன்றாகச் சேர்ந்த இந்தக் கூட்டத்துக்கு அவர்கள் ‘கோஹார்ட்’ என்கிறார்கள். நம் பேச்சில் ‘செட்’. “அவன் எங்க செட்டு” என்கிறோமே, அதே செட். இந்தச் சொல் இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

பள்ளி மாவட்டம் என்பதையும் கலெக்டர் மாவட்டமாக நினைக்க வேண்டாம். சில ஊர்களையோ ஒரே ஊரையோ சேர்த்து, பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த போர்டு ஒன்று, அதன் கீழ் சூப்பரின்டென்டன்ட் என்ற தலைமை நிர்வாகி, சொத்து வரியில் பங்கு என்று தனியாக இயங்கும் அமைப்பு அது. கிராஜுவேஷன் ரேட்டை மக்களுக்குச் சொல்வது இந்த அமைப்பின் வேலை. அதே ரேட்டை வைத்துத்தான் சூப்பரின்டென்டன்ட்டின் வேலையையும் எடை போடுவார்கள். எண்ணைச் சொல்பவரும் எண்ணால் அளக்கப்படுபவரும் ஒரே ஆள் என்பதை மறக்காமல் மேலே படிக்க வேண்டும்.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஹைஸ்கூல். 2021 ஆகஸ்ட்டில் ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 412 பேர். நான்கு வருடத்தில் வேறு ஊரிலிருந்து வந்து இதே செட்டில் சேர்ந்தவர்கள் 38. வேறு பள்ளிக்கு மாறியவர், நாட்டை விட்டுப் போனவர், இறந்தவர் என்று முறைப்படி நீக்கப்பட்டவர்கள் 46. ஆக 412, கூட்டல் 38, கழித்தல் 46: மிச்சம் 404. இதுதான் பின்னத்தின் பகுதி. 2025 கோடை வகுப்பு முடிவதற்குள் டிப்ளமோ வாங்கியவர்கள் 352. இது தொகுதி. விகிதம் 87.1 சதவீதம்.

மீதி 52 பேரையும் ‘டிராப் அவுட்’ என்று எழுதுவதுதான் உள்ளூர்ச் செய்திகளில் அடிக்கடி நேரும் முதல் தவறு. அந்த 52 பேரில் 19 பேர் இன்னும் பள்ளியிலேயே படிக்கிறார்கள், ஐந்தாவது வருடம். 8 பேர் ஜிஇடி என்ற சமநிலைத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்; அது கூட்டாட்சிக் கணக்கில் டிப்ளமோவாக ஏற்கப்படாது. 5 பேர் சிறப்புக் கல்வி மாணவர்கள், ‘பயின்று முடித்தார்’ என்ற சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள். மீதி 20 பேர்தான் உண்மையாகவே படிப்பை விட்டவர்கள். கிராஜுவேஷன் ரேட்டையும் டிராப் அவுட் ரேட்டையும் கூட்டினால் 100 வராது. டெக்சஸ் மாநிலம் இதற்காகவே முடித்தவர், தொடர்பவர், சமநிலைச் சான்று பெற்றவர், விட்டவர் என்று நான்கு பெட்டிகளையும் சேர்த்து 100 வரும்படி அட்டவணை போடுகிறது. மற்ற மாநிலங்களும் காப்பி அடிக்கலாம், தப்பில்லை.

இப்போது இந்த ஒரே செட்டை வைத்து எத்தனை எண் சொல்லலாம் என்று பாருங்கள். ஜூன் மேடையில் டிப்ளமோ வாங்கியவர்கள் 338, கோடையில் 14 என்றால், ஜூன் கணக்கு 83.7. கோடையும் சேர்த்தால் 87.1. பன்னிரண்டாம் வகுப்பில் செப்டம்பரில் உட்கார்ந்திருந்த 372 பேரை மட்டும் பகுதியாக வைத்தால் 94.6, ஏனென்றால் செட்டில் இருந்தும் அந்த வகுப்புக்கு வந்து சேராதவர்கள் 32 பேர். அடுத்த வருடம் அந்த 19 பேரில் 11 பேர் முடித்தால் ஐந்தாண்டு விகிதம் 89.9. பொய் என்று எதையும் சொல்ல முடியாது. பெயர் சொல்லாமல் ‘எங்கள் கிராஜுவேஷன் ரேட் 94.6’ என்று பேனர் கட்டினால் மட்டும் அது பொய்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரு காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றியபடி கணக்குப் போட்டது. ஹூஸ்டன் கதை பலருக்கும் நினைவிருக்கும். அங்கே ஷார்ப்ஸ்டவுன் ஹைஸ்கூலில் 2001-02இல் 463 பேர் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் டிராப் அவுட் பூஜ்யம் என்று கணக்கு காட்டப்பட்டது. 2003இல் மாநிலத் தணிக்கை 16 பள்ளிகளில் சுமார் 5,500 பேரின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 3,000 பேர் டிராப் அவுட் என்று எண்ணப்பட்டிருக்க வேண்டியவர்கள் என்று தெரிந்தது. அந்த மாவட்டத்தின் முன்னாள் சூப்பரின்டென்டன்ட் ராட் பெய்ஜ் அப்போது வாஷிங்டனில் கல்வி அமைச்சர். ஹூஸ்டனின் வெற்றிதான் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசிக்கொண்டிருந்த நேரம்.

2005இல் 50 மாநில ஆளுநர்களும் ஒரே முறைக்கு மாறுவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தத்தால் மட்டும் காரியம் முடியவில்லை. 2008 அக்டோபரில் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் கல்வி அமைச்சராக இருந்தபோது கூட்டாட்சி விதியாகவே கொண்டுவந்தார்கள். 2010-11 முதல் அந்த முறையில் எண் வரத் தொடங்கியது. அந்த முதல் வருடம் நாட்டின் சராசரி 79 சதவீதம், 2021-22இல் 87. அதற்கு முந்தைய வருடங்களின் எண்ணோடு இதை ஒரே கோட்டில் வரைவது தவறு. வரையும் மாவட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

2015இல் வந்த ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம் அதே கணக்கைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. மாநிலமும் மாவட்டமும் வருடாந்திர ரிப்போர்ட் கார்டு வெளியிட வேண்டும். அது சுருக்கமாகவும், புரியும்படியும், முடிந்தவரை பெற்றோருக்குத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும். இனம், வருமானம், உடல்-மனத் திறன் குறைபாடு, ஆங்கிலம் கற்பவர், வீடற்றவர், வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர் என்று பிரித்தும் காட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களை முடிக்க வைக்காத ஹைஸ்கூல், ‘விரிவான உதவியும் மேம்பாடும் தேவை’ என்று மாநிலம் குறிக்கும் பட்டியலுக்குப் போகும். ஆகவே எண் குறைந்தால் வெட்கத்தோடு போகாது, விளைவும் உண்டு.

இனி அந்த 46 பேருக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு மாணவர் பட்டியலிலிருந்து நீங்கச் சில வழிகள்தான் உண்டு: டிப்ளமோ தரக்கூடிய வேறு பள்ளிக்கு மாறுவது, நாட்டை விட்டுப் போவது, இறப்பது, அல்லது டிப்ளமோ தரும் கல்வி வசதி உள்ள சிறைக்கோ சிறார் இல்லத்துக்கோ அனுப்பப்படுவது. ஒவ்வொன்றுக்கும் எழுத்து ஆதாரம் வேண்டும். இந்தியாவில் டிசி வாங்காமல் அடுத்த பள்ளிப் படியேற முடியாது என்று பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் பொதுவாகப் பிள்ளை கையில் டிசி கொடுத்தனுப்புவதில்லை. புதிதாகச் சேர்த்துக்கொண்ட பள்ளி, பழைய பள்ளியிடம் ‘இந்த மாணவரின் ரெக்கார்டுகளை அனுப்புங்கள்’ என்று கேட்கும். அந்தக் கோரிக்கைக் கடிதம்தான் சாட்சி. பக்கத்து வீட்டார் “டல்லாஸ் போய்ட்டாங்கன்னு நெனைக்கிறேன்” என்று சொன்னது சாட்சி ஆகாது.

ஆனால் நடைமுறையில் ஹைஸ்கூல் ஆபீசில் மாணவர் பதிவுகளைப் பார்க்க ஒரே ஒரு ரெஜிஸ்ட்ரார். ஆகஸ்ட்டில் பள்ளி திறந்ததும் 30, 40 பேர் வரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன். பாதி எண்கள் மாறிவிட்டன. டெக்சஸில் பள்ளி திறந்த நாளிலிருந்து செப்டம்பர் கடைசி வெள்ளி வரை அவகாசம். அதற்குள் மாணவர் டெக்சஸ் பொதுப் பள்ளி எதிலாவது சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அவர் போனதற்கு ஒரு குறியீடு போட வேண்டும். தாய்நாடு திரும்பியவருக்கு 16, வீட்டுக்கல்விக்கு 60, மாநிலத்துக்குள் தனியார் பள்ளிக்கு 81, வெளி மாநிலத்துக்கு 82, பட்டியலில் எதிலும் அடங்காதவருக்கும் விவரம் தெரியாதவருக்கும் 98. 98 போட்டால் டிராப் அவுட். 82 போட்டால் அந்தப் பெயர் பகுதியிலிருந்தே மறைந்துவிடும். இரண்டு இலக்கத்தில் ஒரு விரல் தட்டல்தான் வித்தியாசம். கெட்ட எண்ணமே இல்லாத ஆபீசிலும், சந்தேகம் வரும்போது கை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

சிகாகோவில் 2015இல் இதுதான் வெளியே வந்தது. டபிள்யூபிஇஇசட் வானொலியும், பெட்டர் கவர்ன்மென்ட் அசோசியேஷன் என்ற கண்காணிப்பு அமைப்பும் சேர்ந்து தோண்டியபோது, 25 ஹைஸ்கூல்களில் குறைந்தது 2,200 பேர், உண்மையில் படிப்பை விட்டவர்கள், ‘மாறிப் போனவர்கள்’ என்று பதிவாகியிருந்தது தெரிந்தது. மாவட்டம் எண்களைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. 2014ஆம் ஆண்டின் 69.4 சதவீதம் 66.3 ஆனது. மூன்று சதவீதப் புள்ளிதானே என்று தோன்றலாம். நம் கற்பனைப் பள்ளியில் நீக்கப்பட்ட 46 பேரில் 14 பேருக்குக் காகிதம் இல்லை என்று வையுங்கள். அவர்கள் பகுதிக்குத் திரும்பினால் 418. விகிதம் 84.2. ‘சாதனை உயர்வு’ என்று போட்ட செய்திக்குறிப்பு அங்கேயே செத்துவிடும்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விசா முடிந்தோ, வேலை போயோ, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளவோ, சென்னைக்கோ கோவைக்கோ குடும்பத்தோடு திரும்புகிறவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதைப் பல சமயம் சொல்லாமலே கிளம்பிவிடுகிறார்கள். பள்ளியிடம் எந்தப் பதிவும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை அங்கே நான்கு வருடக் கணக்கில் முடிக்காதவராக நிற்கும், இங்கே அதே பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாலும். நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு விதி தளர்வானது. சென்னைப் பள்ளியிலிருந்து ரெக்கார்டு கோரிக்கை வரவேண்டும் என்றில்லை. பெற்றோர் சொன்னதை ஆபீசில் எழுதி ஃபைலில் வைத்தாலே போதும். கிளம்பும் முன் ஒரு மின்னஞ்சல்: பிள்ளையின் பெயர், மாணவர் எண், கடைசியாகப் பள்ளிக்கு வரும் நாள், ‘இந்தியாவுக்குக் குடிபெயர்கிறோம், அங்கே பள்ளியில் சேர்க்கிறோம்’ என்று ஒரு வரி. நான்கு நிமிட வேலை.

பகுதியில் மட்டும்தான் தில்லுமுல்லு நடக்கும் என்றில்லை. அலபாமாவின் விகிதம் 2010-11இல் 72; 2014-15இல் 89. நாட்டிலேயே இவ்வளவு வேகமாக ஏறியவர்கள் குறைவு. 2016 டிசம்பரில் மாநிலக் கல்வித் துறையே எண் ஊதப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. சிறப்புக் கல்வி மாணவர்களுக்குத் தரும், முழு டிப்ளமோவுக்கு ஈடாகாத தொழில்சார் சான்றிதழையும் தொகுதியில் சேர்த்திருந்தார்கள். சில இடங்களில் சம்பாதிக்காத கிரெடிட்டும் (பாடத்தை முடித்ததற்குத் தரும் புள்ளி, டிப்ளமோவுக்கு அது சேர வேண்டும்) கொடுக்கப்பட்டிருந்தது. வாஷிங்டன் டிசியில் கதை வேறு மாதிரி. 2017 கடைசியில் பல்லூ ஹைஸ்கூல் பற்றி வானொலிச் செய்தி வந்த பின் நடந்த ஆய்வில், அந்த வருடம் நகரப் பொதுப் பள்ளிகளில் முடித்த 2,758 பேரில் 937 பேர், அதாவது 34 சதவீதம், விதியை மீறி டிப்ளமோ பெற்றவர்கள் என்று தெரிந்தது. அளவுக்கு மேல் லீவு எடுத்தவர்கள், தோற்ற பாடத்தை முறையில்லாமல் ‘கிரெடிட் ரெகவரி’ வகுப்பில் சரிக்கட்டியவர்கள். முந்தைய வருடம் 73 சதவீதமாக இருந்த விகிதம் 2018இல் 69க்கும் கீழே இறங்கியது. விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலே இறங்கும் எண், முதலிலேயே அவ்வளவு உயரத்தில் இருந்ததில்லை என்றுதான் அர்த்தம்.

முறை மாறும்போது எப்படிச் சொல்வது என்பதற்குக் கலிபோர்னியா நல்ல பாடம். வயதுவந்தோர் கல்விக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் போனவர்களை அந்த மாநிலம் பகுதியிலிருந்து நீக்கிவந்தது. ஹைஸ்கூல் திறன் தேர்வில் தேறியவர்களைத் தொகுதியில் சேர்த்தும் வந்தது. கூட்டாட்சித் தணிக்கையின்போது இரண்டையும் நிறுத்தினார்கள். 2015-16இல் 83.8ஆக இருந்தது 2016-17இல் 82.7 ஆனது. மாநிலத்தின் தளத்தில் ‘இந்த வருடத்தை முந்தைய வருடங்களோடு ஒப்பிடக் கூடாது’ என்று தெளிவாக எழுதிவைத்தார்கள். சரியான காரியம். மாவட்ட போர்டு கூட்டத்தில் காட்டும் ஸ்லைடில் அந்த எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. முறை மாறிய இடத்தில் கோட்டை வெட்டி, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். எக்செல் தானாக இணைத்துவிடும். இணைத்ததைப் பிரிக்க ஒரு ஆள் வேண்டும்.

அதே கலிபோர்னியாவில் இன்னொரு தலைவலி. ஒரே பள்ளிக்கு டேட்டாக்வெஸ்ட் தளத்தில் ஒரு எண், ஸ்கூல் டாஷ்போர்டில் இன்னொரு எண். இரண்டும் அரசுத் தளம்தான். டேட்டாக்வெஸ்ட் காட்டுவது நான்காண்டு செட் கணக்கு. டாஷ்போர்டு, முந்தைய செட்டில் ஐந்தாவது வருடத்தில் முடித்தவர்களையும் மேலேயும் கீழேயும் சேர்த்துக்கொள்கிறது. முந்தைய செட்டில் அப்படி 11 பேர் இருந்தால், நம் பள்ளிக்கு 415இல் 363, அதாவது 87.5. பத்திரிகை 87.1 என்று எழுதும், பிரின்சிபல் 87.5 என்று மெயில் அனுப்புவார், ‘யாரோ மறைக்கிறார்கள்’ என்று பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை மூளும். இது போதாதென்று டாஷ்போர்டு நிறமும் கொடுக்கிறது: சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து. நிறம் இந்த வருட அளவை மட்டும் வைத்து வருவதில்லை. போன வருடத்திலிருந்து ஏறினதா இறங்கினதா என்பதும் சேரும். அதனால் ஒரே விகிதம் உள்ள இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு நிறம் வரலாம். நிறத்தை மட்டும் பார்த்து வீடு வாங்கும் ஏரியாவை முடிவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடு என்றதும் இன்னொன்று. ஃபிரீமான்ட்டிலும் ஃபிரிஸ்கோவிலும் எடிசனிலும் வீடு தேடும் நம் ஆட்கள் பார்ப்பது ரியல் எஸ்டேட் தளங்களில் வரும் பள்ளி மதிப்பெண். அது மாநிலத் தரவிலிருந்து எடுத்தது, பெரும்பாலும் ஒரு வருடமாவது பழையது. அதைவிட முக்கியமானது, அது பள்ளியின் எண், மாவட்டத்தின் எண் இல்லை. நம் கற்பனை மாவட்டத்தில் கிரெடிட் பின்தங்கிய 30 பேரைக் ‘கன்டினியூவேஷன் ஸ்கூல்’ என்னும் தனிப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 12 பேர் முடித்தார்கள். இப்போது பெரிய பள்ளியின் கணக்கு 374இல் 340, அதாவது 90.9. சின்னப் பள்ளி 40. மாவட்டம் அதே 87.1. ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக முடிக்கவில்லை. பெரிய பள்ளி மட்டும் 90ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சின்னப் பள்ளி பலருக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரிய பள்ளியின் 90.9ஐ மட்டும் ஹைவே ஓரப் பலகையில் போடுவது, கழித்த 30 பேரை ஊருக்கு வெளியே நிறுத்துகிற வேலை.

சிறிய குழுக்களின் எண்தான் சொல்லவே கஷ்டமானது. ஆங்கிலம் கற்பவர்கள் இந்தச் செட்டில் 16 பேர், முடித்தவர்கள் 11: 68.8 சதவீதம். போன வருடம் 14இல் 12: 85.7. ‘17 புள்ளி வீழ்ச்சி’ என்று தலைப்பு வரும். 16 பேரில் ஒரு ஆள் என்றால் ஆறே கால் புள்ளி; இந்தச் சரிவு மூன்று பிள்ளைகளுக்கும் குறைவான விஷயம். அதே தர்க்கம் நல்ல செய்திக்கும் பொருந்தும். போன வருடம் 86.3, இந்த வருடம் 87.1, ‘வரலாறு காணாத உயர்வு’ என்றால் 404 பேரில் அது சுமார் மூன்று பேர். மூன்று பேர் கூடுதலாக முடித்தது சந்தோஷம்தான், வரலாறு அவ்வளவு சின்னதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் மூன்று வருடக் கூட்டுக் கணக்கு போடுவதும், சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ஆள் எண்ணிக்கையை எழுதுவதும் உருப்படியான வழி.

இன்னும் சிறிய குழு என்றால் அந்தரங்கம் வந்துவிடும். 1974இன் ஃபெர்பா சட்டப்படி ஒரு மாணவரை அடையாளம் காணும்படி தகவல் வெளியிடக் கூடாது. கலிபோர்னியா 10 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கிறது. மற்ற மாநிலங்கள் வெவ்வேறு வரம்பு வைத்திருக்கின்றன. மாவட்டங்கள் இதில் செய்யும் தவறு, ஒரு கட்டத்தை மறைத்துவிட்டு பக்கத்துக் கட்டத்தைத் திறந்துவிடுவது. வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள் வரிசையில் நட்சத்திரம். அதற்குக் கீழே ‘மற்றவர்கள்: 395இல் 345’. மொத்தம் ‘404இல் 352’. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் தெரிந்தால் போதும்: 9 பேர், முடித்தவர் 7. சின்ன ஊரில் அந்த இரண்டு பேர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒன்றை மறைத்தால் அதைக் கண்டுபிடிக்க உதவும் இரண்டாவது கட்டத்தையும் மறைக்க வேண்டும். ‘எல்லோரும் முடித்தார்கள்’ என்ற 100 சதவீதமும் ‘ஒருவரும் முடிக்கவில்லை’ என்ற பூஜ்யமும்கூட இதே காரணத்துக்காக ‘95க்கு மேல்’ என்பது போலப் பட்டையாகப் போடப்படும். பார்ப்பவருக்கு ஏதோ ஒளிப்பது போலத் தெரியும், அதனால் ஏன் நட்சத்திரம் என்று அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

வரைபடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 84இல் தொடங்கி 88இல் முடியும் அச்சு வைத்தால் அரைப் புள்ளி உயர்வும் மலை ஏறும். 0.8 ‘சதவீதம்’ இல்லை, 0.8 ‘சதவீதப் புள்ளி’. அவ்வளவுதான்.

மொழி விஷயம் வேறு. மொழிபெயர்ப்பு என்றால் பல மாவட்டங்கள் முடிந்துபோன ஆங்கிலச் செய்திக்குறிப்பை அப்படியே மெஷினில் போட்டு எடுக்கின்றன. ‘அட்ஜஸ்டட் ஃபோர் இயர் கோஹார்ட் கிராஜுவேஷன் ரேட்’ என்பதை எந்த மொழியில் போட்டாலும் அது பெற்றோர் மொழி ஆகாது, ஆங்கிலம் உட்பட. ஆங்கிலத்தில் எழுதும்போதே உடைத்து எழுதினால் பிற மொழியில் தானாக உடையும். தமிழில் எழுதினால் இப்படி இருக்கலாம்:

“2021 ஆகஸ்ட்டில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 412 பேர். பிறகு வந்து சேர்ந்தவர்கள் 38. வேறு பள்ளிக்கோ நாட்டுக்கோ போனதற்கு எழுத்து ஆதாரம் உள்ளவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 46 பேரைக் கழித்தால் இந்தச் செட்டில் 404 பேர். 2025 ஆகஸ்ட்டுக்குள் டிப்ளமோ பெற்றவர்கள் 352, அதாவது 87.1 சதவீதம். பெறாத 52 பேரில் 19 பேர் இன்னும் எங்களிடம் படிக்கிறார்கள், 8 பேர் சமநிலைச் சான்று பெற்றார்கள், 5 பேர் பயிற்சி நிறைவுச் சான்று பெற்றார்கள், 20 பேர் படிப்பை விட்டார்கள். போன வருடம் இதே முறையில் 86.3. டாஷ்போர்டில் தெரியும் 87.5இல், முந்தைய செட்டில் ஐந்தாவது வருடம் முடித்த 11 பேரும் சேர்ந்திருக்கிறார்கள்.”

ஒரு பத்தி. சாதனை, உறுதிப்பாடு, பயணம், எதுவும் இல்லை. சூப்பரின்டென்டன்ட்டின் மேற்கோளை அடுத்த பத்தியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. இதை வெளியிடும் நேரமும் முக்கியம். மாநிலம் இறுதி எண்ணை வெளியிடப் பல மாதம் ஆகும், ஏனென்றால் கோடைக் கணக்கு முடிய வேண்டும், மாவட்டங்கள் தரவைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் ஜூனிலேயே ‘இந்த வருடம் 90ஐத் தொட்டோம்’ என்று ட்வீட் போட்ட மாவட்டம், டிசம்பரில் 87.1 வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும். முந்திச் சொல்லத்தான் வேண்டும் என்றால் ‘தற்காலிகம், கோடைக்குப் பின் மாறும்’ என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில் போட வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

பிழை தெரிந்தால் திருத்துவதும் இதே கணக்கில் சேரும். பழைய பிடிஎஃபைச் சத்தமில்லாமல் மாற்றி வைப்பதுதான் பரவலான வழக்கம். பழைய எண், புதிய எண், எந்த 14 பேர் ஏன் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் (பெயர் இல்லாமல், காரணத்தோடு), எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று நான்கு வரி அதே பக்கத்தில் இருந்தால், அடுத்த வருடம் அந்த மாவட்டம் சொல்வதைப் பத்திரிகைக்காரர் தோண்டாமலே எடுத்துக்கொள்வார்.

போர்டு கூட்டங்களில் பொதுமக்கள் பேசப் பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான் தருவார்கள். ‘ஏன் 90 வரவில்லை’ என்று கேட்டு அதை வீணாக்க வேண்டாம். அதற்குத் தயாரான பதில் ஒன்று ஸ்லைடில் இருக்கும். “நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், வேறு பள்ளியிலிருந்து ரெக்கார்டு கோரிக்கை வந்தது அதில் எத்தனை பேருக்கு, வெளிநாடு போனவர் எத்தனை, வீட்டுக்கல்வி எத்தனை, இதே பட்டியல் போன வருடத்துக்கும் தர முடியுமா” என்று கேளுங்கள். கூட்டத்தில் யாருக்கும் உடனே பதில் தெரியாது. எழுத்தில் அனுப்புகிறோம் என்பார்கள். அது எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, மினிட்ஸில் பதியச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.